சூடம் மணத்த கறுப்புக் கார்

"ஏம்மா வேதா, என் கார்ல எதுக்கு சூடம் வாசனை அடிக்குது?"

டாக்சிக்காரர் கோதண்டராமன் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. புதிதாகப் பெயிண்டு அடித்த கார் பெயிண்டு வாசனை அடிக்கும். அதை எல்லோரும் அறிவார்கள். அவருடைய கறுப்பு அம்பாசிடரோ அர்த்த மண்டபம் மாதிரி மணத்தது. நான் கையில் காபி டம்ளரோடு விழித்தேன். பதில் தெரிந்த ஆள் என் பக்கத்திலேயேதான் நின்றிருந்தார். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் என் அக்கா புருஷன் கண்ணாயிரம் மாமா. இது அவருடைய கதை. ஊரில் இதைத் தப்பும் தவறுமாகச் சொல்கிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

நான் அப்போது பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல், வேங்கிக்காலில் சரசு அக்கா வீட்டில் இருந்தேன். வீட்டை ஒட்டினாற்போல் மாமாவின் பெயிண்டுக் கொட்டாய். மேலே தகரம், மூன்று பக்கம் கீற்று, ஒரு பக்கம் ரோடு. அதே ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் காசியின் கொட்டாய்.

மாமா அடி அண்ணாமலைக்காரர். அவர் வீட்டில் எல்லோருக்கும் விவசாயம். மாமாவுக்கு மட்டும் நிறத்தின் மேல் ஆசை. சின்ன வயதில் பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடிப்பது அவர் பொறுப்பு. பக்கத்து வீட்டுக் காளையின் கொம்பு தன் வீட்டுக் காளையின் கொம்பைவிடச் சிவப்பாக இருந்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மறுபடி அடிப்பார். மாட்டுப் பொங்கல் முடிந்து ஊரெல்லாம் வேலைக்குப் போன பிறகும் அவர் மட்டும் காளையைப் பிடித்துவைத்துக்கொண்டு கொம்புக்கு நிறம் ஏற்றிக்கொண்டிருப்பாராம். அவருடைய அம்மாவே சிரித்துக்கொண்டு சொல்வார்: "இவனுக்குப் பசி வயித்துல இல்ல, கண்ணுல."

பிறகு வேலூருக்குப் போய் லாரி பாடி கட்டுகிற இடத்தில் பெயிண்டு வேலை கற்றார். திரும்பி வந்து கொட்டாய் போட்டார். அக்காவைக் கட்டிக்கொண்டார். கை சுத்தமான வேலைக்காரர் என்று பெயர் எடுத்தார். திருவண்ணாமலையில் ஓடுகிற டாக்சிகளில் பாதி அவர் கை பட்டதுதான்.

காசி மெட்ராசில் இருந்து வரும் வரைக்கும் அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

காசி எங்களுக்குத் தாய்மாமன் மகன். அக்காவுக்கு முறை மாப்பிள்ளை. அக்காவை அவருக்குத்தான் கொடுப்பதாக ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. காசி மெட்ராசுக்குப் போனவர் வருஷக் கணக்கில் திரும்பவில்லை. எங்கள் அப்பா காத்திருந்து பார்த்துவிட்டு அக்காவைக் கண்ணாயிரம் மாமாவுக்குக் கொடுத்துவிட்டார். அதில் யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. ஆனால் அப்படிப் போன காசி ஒருநாள் திரும்பி வந்தார். கல்யாணம் செய்துகொள்ளாமல் வந்தார். போதாததற்கு, மாமா செய்யும் அதே வேலையைக் கற்றுக்கொண்டு வந்தார். அதே ரோட்டில் கொட்டாயும் போட்டார்.

"ஊர்ல வேற ரோடே இல்லியா இவனுக்கு?" என்று மாமா அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

காசி முதன்முதலில் ஒரு டாக்டருடைய காருக்குப் பெயிண்டு அடித்தார். அந்தக் கார் ரோட்டோரம் நின்றிருந்தது. நாங்கள் மூவரும் கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். அக்கா குனிந்து பார்த்துவிட்டு, யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

"அடேயப்பா, கண்ணாடியே வேணாம் போலகீது. இதுல பாத்தே பொட்டு வச்சிக்கலாம்."

மாமா அன்று சாயங்காலம் டவுனுக்குப் போய், ஆள் உயரக் கண்ணாடி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். கூடத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார்.

"இனிமே பொட்டு வைக்கறதுன்னா இதுல பாத்து வச்சிக்கோ."

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏங்க, நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேங்க" என்றாள். மாமா சிரிக்கவில்லை.

இனி நடந்தது புரிய வேண்டும் என்றால் தின்னர் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கார் பெயிண்டு டின்னில் கூழ் மாதிரி கெட்டியாக இருக்கும். அதை அப்படியே அடிக்க முடியாது. தின்னர் ஊற்றிக் கலக்கி நீர்க்க வைத்தால்தான் கன் வழியாகப் புகைபோல் வரும். கன் என்பது பெயிண்டு பீய்ச்சும் துப்பாக்கி. பெயிண்டு தகரத்தில் உட்கார்ந்ததும் தின்னர் காற்றில் பறந்துவிடும், நிறம் மட்டும் நின்றுவிடும். பெயிண்டு அடிப்பதற்கு முன் தகரத்தில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பதும் தின்னரால்தான். வேலை முடிந்ததும் கன்னைக் கழுவுவதும், கையைக் கழுவுவதும் அதனால்தான்.

மழைக்காலத்தில் இதில் ஒரு தொல்லை உண்டு. தின்னர் வேகமாகப் பறக்கும்போது தகரம் குளிர்ந்துவிடும். காற்றில் இருக்கும் ஈரம் பெயிண்டின் மேல் வந்து உட்காரும். நிறம் வெளுத்துப் பூஞ்சை படிந்தாற்போல் ஆகிவிடும். பெயிண்டு பூத்துப்போச்சு என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாமா அடிக்கும் வண்டிகளில் இது நடந்துகொண்டுதான் இருந்தது. எல்லோருக்கும் நடப்பது என்று அவரும் கவலைப்பட்டதில்லை. காய்ந்த பிறகு தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றிவிடுவார்.

காசி வந்தபின் வந்த முதல் மழைக்காலத்தில், காசியின் வண்டிகள் மட்டும் பூக்கவில்லை.

மாமா மழையில் நனைந்துகொண்டே போய் அந்தக் கொட்டாயை ரோட்டில் இருந்து பார்த்துவிட்டு வருவார். வந்து உட்கார்ந்து யோசிப்பார். "தின்னர்ல எதையோ கலக்குறான். மெட்ராஸ் ரகசியம். சொல்ல மாட்டான்." தூக்கத்திலும் இதையே முனகுவதாக அக்கா சொன்னாள்.

தீபத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் கோதண்டராமன் தன் காரைக் கொண்டுவந்து மாமாவிடம் விட்டார். தீபத் திருவிழாவில் வெளியூர் ஜனங்களுக்கு ஓட்ட வேண்டும், புதுசு மாதிரி ஆக்கிக் கொடு என்றார். கறுப்பு நிறம். மாமா பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்தார். மாமாவோடு வேலை செய்யும் சடையன் நெளிசல் எடுப்பதில் கெட்டிக்காரர். அவர் தட்டி நேராக்கினார். மேகம் மூடியிருந்த ஒரு காலையில் மாமா அவசரமாகக் கறுப்பு அடித்தார். மத்தியானத்துக்குள் கார் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது.

கோதண்டராமன் வந்து பார்த்தார். அவர் நெற்றியில் பளிச்சென்று திருமண் போடுகிறவர்.

"யோவ் கண்ணாயிரம், நான் நாமம் போடறவன்யா. என் வண்டிக்கு இப்டித் திருநீறு பூசிட்டியே!"

சடையன் சிரித்துவிட்டார். மாமாவுக்கு முகம் கறுத்துப்போனது. கோதண்டராமன் விளையாட்டாகத்தான் இன்னொன்றும் சொன்னார்: "பேசாம காசிகிட்ட உட்டிருக்கணும்."

அதுதான் அவரைக் கிளப்பிவிட்டது. எதிரே டீக்கடை. அங்கே நின்றிருந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படி மாமா சத்தம் போட்டுச் சொன்னார்.

"கேட்டுக்கோங்க. இந்த வண்டி காசி அடிக்கிற வண்டிய விட பளபளன்னு வரலேன்னா, கன்ன கீழ வச்சிடறேன். அவன் கொட்டாயில போய்த் துணி போட்டு வண்டி தொடைக்கிறேன். இது சத்தியம்."

"எதுக்குய்யா சத்தியமெல்லாம்?" என்று கோதண்டராமனே பயந்துபோனார்.

"சொன்னது சொன்னதுதான்."

கன்னைக் கீழே வைப்பது என்றால் மாமாவுக்கு என்ன பாக்கி இருக்கும்? அக்கா இதைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். சடையன் வீட்டுக்கே வந்து, "நாக்குல கொஞ்சம் தின்னர் ஊத்திக் கழுவும்மா உங்க வூட்டுக்காரருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மாமா சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். காசியின் அம்மா, எங்கள் அத்தை, கொடுத்தனுப்பிய வாழைத்தாரை எடுத்துக்கொண்டு காசி வந்தார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அக்கா கொடுத்த காபியைக் குடித்தார். என்னிடம், "அடுத்து இன்னா படிக்கப் போற?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "தெரியாதுன்னு சொல்ற ஆளு கம்மி. நல்லது" என்று சிரித்துவிட்டுப் போனார். போகும்போது தோளில் இருந்த துண்டை மறந்து வைத்துவிட்டார்.

மாமா வந்ததும் முதலில் பார்த்தது அதைத்தான்.

"இது யாருது?"

"காசி மாமாவுது. மறந்து வச்சிட்டுப் போயிடுச்சு போல" என்றாள் அக்கா.

"எதுக்கு வந்தான்?"

"அத்த வாழத்தாரு குடுத்து அனுப்பிச்சிது."

"வாழத்தாரக் குடுத்துட்டுப் போறது. உக்காந்தானா?"

"வந்த மனுசன நிக்கவா வைப்பாங்க?"

"எங்க உக்காந்தான்?"

"பெஞ்சுல."

"பெஞ்சுல எந்தப் பக்கம்?"

"இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் உருண்டுக்கினு கெடந்திச்சு. போதுமா?" என்று அக்கா உள்ளே போய்விட்டாள்.

மாமா அந்தத் துண்டைத் தூக்கி எறியப் போனார். கை பாதியில் நின்றது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். ஒரு ஓரத்தில் தின்னர் வாசனை. முடிச்சுப் போட்ட இன்னொரு ஓரத்தில் சூடம் வாசனை. முடிச்சை அவிழ்த்தால் உள்ளே வெள்ளையாகச் சூடத் தூள் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் முகம் மாறியதைப் பார்த்து நான் பயந்தேன். கோபம் என்றுதான் நினைத்தேன். அது கோபம் இல்லை. துண்டை ஒழுங்காக மடித்துப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி கொட்டாய்க்குள் போனார்.

அடுத்த நாள் காலையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினார். வெள்ளிக்கிழமை போ என்றாலே போகாத ஆள். அக்காவுக்கு ஆச்சரியம். திரும்பும்போது நெற்றி நிறையத் திருநீறு. இடுப்பு மடிப்பு உப்பியிருந்தது. கோபுரத்துக்கு எதிரே இருக்கும் கடையில் பெரிய சூடப் பொட்டலம் வாங்கி மறைத்துக்கொண்டு வந்திருக்கிறார். இதெல்லாம் எங்களுக்குப் பிறகு தெரிந்ததுதான். அன்று சடையனைக்கூட வெளியே அனுப்பிவிட்டு, கொட்டாயில் படுதாவை இறக்கிவிட்டு வேலை செய்தார்.

சூடத்தைப் பள்ளத்தில் பட்டி பூசும் தகட்டால் நசுக்கி, தின்னரில் போட்டிருக்கிறார். போட்டதும் கரைந்துவிட்டது. அடியில் ஒன்றும் தங்கவில்லை. தின்னர் பழையபடியே தண்ணீராக நின்றது. அதைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகமே போய்விட்டதாம். இப்படித் தடம் இல்லாமல் கரைவதால்தான் காசியின் ரகசியம் யார் கண்ணிலும் படவில்லை என்று முடிவு கட்டிவிட்டார். காசி எவ்வளவு போடுகிறான் என்பது தெரியாது. அவனைவிட ஜாஸ்தி போட்டால் அவனைவிட ஜாஸ்தி மினுக்கும் என்று பொட்டலம் முழுவதையும் போட்டுவிட்டார்.

பூத்த பெயிண்டைத் தேய்த்து எடுத்துவிட்டு, அந்தத் தின்னரைக் கலந்து கறுப்பு அடித்தார்.

கார் மினுக்கியது. அதை நான் மறைக்க மாட்டேன். வெயில் வந்ததும் படுதாவைத் தூக்கிக் காட்டினார். மழை பெய்த குட்டை மாதிரி இருந்தது. மலை தெரிந்தது, மேகம் தெரிந்தது. சடையன் குனிந்து பார்த்து, "யோவ், என் மூக்கு முடிகூட தெரியுதுய்யா" என்றார்.

மாமா அக்காவைக் கூப்பிட்டார். "வா. வந்து பொட்டு வச்சிக்கோ."

அக்கா வந்து பார்த்தாள். கலைந்திருந்த முடியைச் சரிசெய்துகொண்டாள். "நல்லாதான் இருக்குது" என்றாள்.

"அதென்ன, நல்லா'தான்'?"

"நல்லா இருக்குதுன்னு சொன்னேங்க."

"இல்ல. அவன் அடிச்சத பாத்தப்போ 'அடேயப்பா'ன்ன. எனக்கு மட்டும் 'தான்'."

"அடேயப்பா! போதுமா?"

"கேட்டு வாங்கினது வேணாம்."

அன்று ராத்திரி கார் கொட்டாயிலேயே நின்றது. மறுநாள் காலையில்தான் கோதண்டராமன் காரை எடுக்க வந்து அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டார். நான் விழித்ததும் மாமாவே குறுக்கே புகுந்து பதில் சொன்னார்: "மொதலாளி, சாமி ஊரு வண்டி. சூடம் மணக்காம சீமெண்ணெயா மணக்கும்?" கோதண்டராமன் தலையை ஆட்டிவிட்டுக் காரைப் பக்குவமாக ஓட்டிப் போனார். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். காசியின் கொட்டாயைத் தாண்டும்போது ஹாரன் அடிக்கும்படி மாமா சொல்லி அனுப்பியிருந்தார். அடித்தார்.

அதற்கு அடுத்த நாள் தீபம்.

மத்தியானம் கோதண்டராமனே வந்து, தீபம் பார்க்க எங்கள் மூவரையும் காரில் ஏற்றிக்கொண்டார். அன்று நல்ல வெயில். கார் சூடாகி இன்னும் அதிகமாக மணத்தது. தேரடிப் பக்கம் வண்டியை விடமாட்டார்கள் என்று திருவூடல் தெருவிலேயே ஓரமாக நிறுத்தினார். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் ஜனம். பானெட் மேல் ஒரு சாமந்தி மாலை கிடந்தது. கோதண்டராமன் போட்டது.

செங்கம் பக்கத்தில் இருந்து வந்த ஒரு அம்மா காரைத் தாண்டிப் போனவர் நின்றார். மூக்கை உறிஞ்சினார். மாலையைப் பார்த்தார்.

"இது எந்த சாமி வண்டிங்க?"

நாங்கள் பதில் சொல்வதற்குள் பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் தொட்டார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. முன்னால் போகிறவர் தொட்டால் பின்னால் வருகிறவரும் தொடுவார். கைக்குழந்தையைத் தூக்கிவந்த ஒருவர் குழந்தையின் கையை எடுத்துப் பானெட்டில் அழுத்தி அதன் கண்ணில் வைத்தார். ஒருவர் திருநீற்றை அள்ளிப் போட்டார். கோதண்டராமன், "ஐயோ, இது டாக்சிங்க, டாக்சி!" என்று கத்தினார். மலை மேல் தீபம் தெரிந்ததும் எழுந்த அரோகரா சத்தத்தில் அவர் குரல் அடங்கிப்போனது. பின்னால் இருந்தவர்கள் தீபத்தைப் பார்க்க எம்பினார்கள். எம்புவதற்குக் காரின் மேல்தான் கை வைத்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் தெருவிளக்கில் பார்த்தோம். கார் முழுக்கக் கை. நாலு விரல் ஒரு இடத்தில், பெருவிரல் ஒரு இடத்தில், அந்தக் குழந்தையின் உள்ளங்கை முழுதாக. களிமண்ணில் வைத்தாற்போல் அழுந்திக் கிடந்தது. திருநீறு பெயிண்டோடு ஒட்டிப்போயிருந்தது. மாமா துண்டால் துடைத்தார். துண்டின் பஞ்சும் ஒட்டிக்கொண்டது.

"யோவ்," என்றார் கோதண்டராமன். அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "என் வண்டி இன்னா, கைரேகை ஆபீசாய்யா?"

"ஜனங்க கை வச்சா யாரு அடிச்ச பெயிண்டும் இப்டிதான்" என்று வீட்டு வாசலில் இறங்கும்போது மாமா ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

காலையில் கார் கொட்டாயில் நின்றது. ஊர் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. காசி வந்தார். பானெட்டை நகத்தால் அழுத்திப் பார்த்தார். நகம் இறங்கியது. முகர்ந்து பார்த்தார்.

"அண்ணே, இதுல சூடம் எப்டி வந்துது?"

"தெரியாத மாதிரி கேக்காத," என்றார் மாமா. "நீ போடலாம், நான் போடக்கூடாதா?"

"நான் எங்கண்ணே போட்டேன்?"

"பொய் சொல்லாதடா. உன் துண்டு முடிச்சுல சூடம் இருந்துது. என் கையால அவுத்துப் பாத்தேன்."

காசி அங்கே கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அது மூக்குக்குண்ணே. எனக்கு தின்னர் வாசனை ஒத்துக்கறதில்ல. மெட்ராஸ்ல மூடின ரூம்ல அடிக்கும்போது மயக்கம் போட்டு விழுந்துட்டேன். தூக்கிக்கினு போய் ஆஸ்பத்திரியில போட்டாங்க. அதுக்கப்புறம்தான் ஊருக்கே வந்தேன். வாசனை தெரியாம இருக்க சூடத்த முடிஞ்சி மூக்குல கட்டிக்குவேன். அதுகூட சும்மா மனசுக்குத்தான். வாசன மறையும், தின்னர் மறையாதுன்னு டாக்டரு சொன்னாரு. அதனாலதான் காத்தோட்டமா நின்னுக்கினு அடிக்கிறேன்."

"அப்ப உன் வண்டி ஏன் பூக்கல?"

"மழைக்காலத்துக்குன்னே மெதுவாப் பறக்கிற தின்னர் ஒண்ணு கீதுண்ணே. மெட்ராஸ்லேர்ந்து வரவைக்கிறேன். கேட்டிருந்தா சொல்லிருப்பேன். வெயில் ஏறி, தகரம் சூடான அப்புறம்தான் அடிப்பேன். நீங்க போட்ட சூடம் பெயிண்டுக்குள்ளயே தங்கிப்போச்சு. அதான் இறுகல."

காசியே தொடர்ந்தார்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. நீங்க காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தின்னர்லயே நிக்கிறீங்க. தலகூட வலிக்காதாமே. உங்க கை நடுங்குறதில்ல. எனக்கு கொஞ்ச நேரத்துல வாந்தி வந்துடும். ரோட்ல போகும்போது உங்களப் பாத்தாலே எனக்கு வயிறு எரியும்ணே."

மாமா தலையைத் தூக்கினார்.

"இன்னா சொன்ன?"

"வயிறு எரியும்னேன்."

"இன்னொரு தபா சொல்லு."

சடையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அத்தனை அவமானத்துக்கு நடுவிலும் மாமாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன்.

பெயிண்டை முழுக்க எடுத்தார்கள். தின்னரில் நனைத்த துணியைப் பரப்பினால் சூடப் பெயிண்டு கஞ்சி மாதிரி வழிந்து வந்தது. கறுப்பு, அதற்குள் திருநீறு, சாமந்தி இதழ். தகரம் வெறுமையாக நின்றதும் காசி தன் தின்னரைக் கொண்டுவந்தார். மாமாவின் கை பழக்கத்தில் கன்னை நோக்கிப் போனது. கோதண்டராமனும், டீக்கடையில் சத்தியத்தைக் கேட்டவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா கையை இழுத்துக்கொண்டார். காசிதான் அடித்தார். கார் பூக்கவில்லை. காய்ந்ததும் நகமும் இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் மாமா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். சத்தியத்தில் இருந்து தப்பிக்க வழி தேடிக்கொண்டிருக்கிறார் என்று அக்காவுக்குத் தெரியும். காசியும் கோதண்டராமனும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. விட்டிருந்தால் அப்படியே போயிருக்கும்.

"சரசு, நான் அவன் கொட்டாய்க்குப் போணுமா, வேணாமா? நீ சொல்லு."

அக்கா என்னைப் பார்த்தாள். அது எப்படிப்பட்ட கேள்வி என்று எனக்கும் புரிந்தது. போங்கள் என்றால், காசிக்குப் பரிந்து பேசுகிறாய் என்பார். வேண்டாம் என்றால், நாலு பேருக்கு முன் சொன்ன வார்த்தை பொய்யாகும். அதற்கும் பிறகு அவளைத்தான் குறை சொல்வார்.

அக்கா சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "நீங்க அங்க போனா, காசி மாமாவ தெனம் பாக்கிறது நீங்கதான். எங்க உக்காருது, யார்கிட்ட பேசுது, எந்த டம்ளர்ல காபி குடிக்குது, எல்லாம் உங்க கண்ணு முன்னாலயே. இங்க உக்காந்துக்கினு இருந்தீங்கன்னா ஒண்ணும் தெரியாது."

மாமா தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

மறுநாள் காலையில் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துத் துணி தயார் செய்துகொண்டு காசியின் கொட்டாய்க்குப் போனார். இன்று வரைக்கும் போகிறார். பெயிண்டு அடிப்பதற்கு முன் தகரத்தைத் தின்னரால் துடைப்பது அவர் வேலை. ஈரத் துணி ஒரு கையில், காய்ந்த துணி மறு கையில். ஈரத் துணி பிசுக்கைக் கிளப்பும். தின்னர் தானாகப் பறப்பதற்குள் காய்ந்த துணி அதை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிசுக்கு அங்கேயே மறுபடி படிந்துவிடும். இதைக் காசி ஒரு தடவைதான் காட்டினார். இப்போது காசி துடைத்தால் மாமாவுக்குப் பொறுக்காது. "தள்ளு, உனக்கு வராது" என்று அவரே வாங்கித் துடைக்கிறார். கண்ணாயிரம் துடைத்த வண்டியா என்று கேட்டுவிட்டு எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

காசி பலமுறை கன்னை நீட்டிவிட்டார். "எனக்குத் தல சுத்துது, நீங்க அடிங்கண்ணே" என்பார். மாமா தொடுவதில்லை. எத்தனை நாளைக்கு என்று சத்தியத்தில் சொல்லவில்லையே என்று சடையன் கேட்டால், "எங்களுக்குள்ள அது" என்கிறார். வீட்டுக்கு வந்ததும் காசி அன்றைக்கு என்ன செய்தார் என்று எல்லாவற்றையும் அக்காவிடம் ஒப்பிக்கிறார். அக்காவுக்கு முன்பெல்லாம் காசியைப் பற்றி இவ்வளவு தெரியாது.

நான் இதை எழுதியதற்குக் காரணம் உண்டு. அந்த முதல் நாள் கார் மினுக்கியதைப் பார்த்தவர்கள் பாதிக் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போன மாதம்கூடப் போளூரில் இருந்து ஒருவர் வந்து, தின்னரில் சூடம் எவ்வளவு போட வேண்டும் என்று மாமாவிடம் ரகசியமாகக் கேட்டார். தன் தெருவில் இன்னொரு பெயிண்டர் போடுகிறானாம், அவனைவிட ஜாஸ்தி போட வேண்டுமாம். சூடம் பெயிண்டை மினுக்காது, இறுகவிடாது. மூக்கில் கட்டிக்கொண்டாலும் தின்னரைத் தடுக்காது. உங்களுக்குத் தெரிந்த யாராவது எந்த ஊரிலாவது பெயிண்டுக் கொட்டாய் வைத்திருந்தால், இந்தக் கதையை முழுதாக அவர்களிடம் சொல்லுங்கள். பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.